ஆண்டறிக்கை 2025: வளர்ப்புப் பெற்றோர் மற்றும் குழந்தைப் பராமரிப்பாளர் சங்கம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வளர்ப்புப் பெற்றோரே, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளே, உடன்பிறந்தார் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்ற அத்தை, சித்தி, மாமா, பெரியப்பாமாரே, அனைவருக்கும் வணக்கம்.

2025 சனவரி முதல் டிசம்பர் வரை சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த சிக்கல்களையும், அவை ஏன் வருகின்றன, என்ன செய்தால் தீர்கின்றன என்பதையும் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். புதிதாக ஒரு பிள்ளையை ஏற்கும் குடும்பம் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே முதல் மூன்று மாதத்தைக் கடக்க வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் விருப்பம். பராமரிப்பாளர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் பிள்ளையால் அல்ல, அந்த மூன்று மாதத்தில் விட்டுப்போன தாள் வேலையால்தான் என்பது இந்த ஆண்டு நமக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது.

எந்தத் திட்டம் யாருக்கு

இந்த ஆண்டு அதிக நேரம் எடுத்தது இதுதான். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆவது பிரிவு சொல்லும் வளர்ப்புப் பராமரிப்பு, பிள்ளையின் சொந்தக் குடும்பம் அல்லாத வேறொரு குடும்பத்தில் குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் சட்டப்படியான குழு) ஆணையிட்டு ஒப்படைப்பது. மகள் இறந்தபின் பேத்தியை வளர்க்கும் பாட்டி இந்தப் பிரிவில் வரமாட்டார். அவர் போய் "வளர்ப்புப் பெற்றோர் உதவி" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும், அதோடு மனமுடைந்து திரும்பிவிடுவார். அவர் கேட்க வேண்டியது, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மாத உதவி தரும் நிதி ஆதரவுத் திட்டம் (ஸ்பான்சர்ஷிப்). மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் இரண்டுக்கும் மாதம் 4,000 ரூபாய்தான். ஆனால் நிதி ஆதரவுக்கு ஆண்டு வருமான வரம்பு உண்டு: கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். வருமானச் சான்றிதழ் வாங்கும்போதே இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருடைய வருமானமெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நிதி ஆதரவு பெறும் பிள்ளை விடுதியில் சேர்ந்தால் உதவி நிற்கும். பள்ளிக்கு 30 நாளுக்கு மேல் போகாமல் இருந்தாலும் மறுபரிசீலனைக்கு வரும். அம்மை, கை முறிவு, இறந்த பெற்றோரின் திதிக்காக ஊருக்குப் போனது என்று விடுப்புக்குக் காரணம் எதுவானாலும் பள்ளியில் எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். நம் உறுப்பினர்களில் உறவினர் பராமரிப்பாளருக்கு நேரடியாகப் பொருந்தும் திட்டம் இது. அக்டோபர், நவம்பர் கூட்டங்களை விண்ணப்ப உதவிக்கே ஒதுக்கினோம்.

வளர்ப்புப் பராமரிப்பிலும் ஒரு மாற்றத்தை நினைவூட்ட வேண்டும். 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதலின்படி, தனியாக வாழ்பவரும் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். தனி ஆணிடம் பெண் குழந்தை ஒப்படைக்கப்படாது. பிள்ளை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டால், இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பம் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம்; முன்பு இது ஐந்து ஆண்டாக இருந்தது. ஆனால் தத்தெடுக்கும் குறுக்குவழியாக எண்ணி யாரும் வளர்ப்புப் பராமரிப்புக்கு வர வேண்டாம். பெற்றோர் தேறினால் பிள்ளை திரும்பிப் போகும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படையே.

வங்கிக் கணக்கும் பெயரும்

ஒப்புதல் வந்தும் பணம் வராத குடும்பங்களில் இரண்டு தவறுகள் மாறி மாறி வந்தன.

முதலாவது, கணக்கே திறக்க முடியாமை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளரோ சட்டப்படியான காப்பாளரோதான் கணக்குத் திறக்க முடியும். பாட்டியும் சித்தியும் அந்த வரையறைக்குள் வராததால் வங்கியில் திருப்பி அனுப்புகிறார்கள். குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையோடு சென்று, "தகுதியான நபர்" என்று ஒப்படைப்பு ஆணை கேட்டுப் பெறுவதே இதற்கு வழி. ஆணையில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் பெயர், உறவு ஆகிய நான்கும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கு, பள்ளி, மருத்துவ ஒப்புதல் ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒரு வரி எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு வரி பின்னால் பத்து நடையை மிச்சப்படுத்தும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே கணக்குத் திறந்து இயக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது.

இரண்டாவது, பணம் வேறு கணக்குக்குப் போவது. அரசு உதவியை நேரே வங்கிக் கணக்கில் போடும் நேரடிப் பயன் பரிமாற்றத்தில், விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை, ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் பணம் போகும். கல்வி உதவித்தொகைக்காகப் பள்ளியில் திறந்த கணக்கோ, அம்மா உயிரோடிருந்தபோது வேறு ஊரில் திறந்த கணக்கோ இணைந்திருந்தால் தொகை அங்கே போய்த் தேங்கும். ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். பிறகு நமக்கு வேண்டிய வங்கியில் இணைப்புப் படிவம் கொடுத்தால் போதும். ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்கத் தவறினாலும் இடையில் தடை வரும்.

இனிஷியலைப் பற்றி ஒரு வேண்டுகோள். பாசத்தால் சிலர் பள்ளியில் சேர்க்கும்போது தங்கள் இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வளர்ப்புப் பராமரிப்பு பிள்ளையின் பெற்றோரை மாற்றுவதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, மாற்றுச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் என்றானால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாகும் வரை அந்தப் பிழை தொடரும். அதற்குப்பின் திருத்துவது மிகக் கடினம்.

பிறப்பே பதிவாகாத பிள்ளைகளுக்கு: ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் நிலையில் ஆணை பெற்றுத்தான் பதிய முடியும். பிரசவம் நடந்த மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, இவற்றில் எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

பள்ளி

மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 5, 14-ஆவது பிரிவுகள். எட்டாம் வகுப்பு வரை இது பொருந்தும். நடைமுறையில் இடறுவது வேறிடத்தில்: பழைய பள்ளி எமிஸ் தளத்தில் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) பிள்ளையை விடுவிக்காவிட்டால் புதிய பள்ளியில் பெயர் ஏறாது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், புத்தகமும் சீருடையும் வராது. பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் எமிஸ் எண்ணைச் சொல்லி விடுவிக்கக் கேட்பது முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தில் செய்யும் இன்னொரு தவறு, ஆறாம் வகுப்புக்குமேல் படிக்கும் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றுவது. தொழிற்படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் இந்த ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பையே பார்க்கிறார்கள். 18 வயதுக்குப்பின் குடும்பத் துணை குறைவாக உள்ள பிள்ளைக்கு இவைதான் பிடிமானம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்கள்

முதல் இரவுப் பை திட்டத்தைத் தொடர்ந்தோம். மாலையில் அழைப்பு வந்து இரவில் பிள்ளை வந்து சேரும் வீடுகளுக்காக இது. சற்றுத் தளர்வான மாற்றுடை 2, உள்ளாடை 4, துண்டு 1, டூத் பிரஷ், சீப்பு, போர்வை, ரப்பர் ஷீட் 1, சிறிய இரவு விளக்கு, பிஸ்கட், ஒரு நோட்டு, பேனா. பையைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். பிள்ளை கொண்டுவந்த பழைய துணியை, எவ்வளவு கிழிந்திருந்தாலும், கேட்காமல் துவைக்கவோ எறியவோ கூடாது. அம்மாவின் வாசம் அதில்தான் இருக்கும்.

உணவை ஒளித்துவைப்பது பற்றி அதிகக் கேள்விகள் வந்தன. தலையணைக்கடியில் காய்ந்த இட்லி, புத்தகப் பையில் சோறு. அடுத்த வேளை கிடைக்குமா என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை பிழைத்திருக்கக் கற்ற வழி அது, திருட்டு அல்ல. கண்டிப்பதும் அலமாரியைப் பூட்டுவதும் பயத்தைக் கூட்டும். பிள்ளையின் கை எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் வேர்க்கடலை, பொரி, இரண்டு வாழைப்பழம் வையுங்கள். தீரத் தீரப் பிள்ளையின் கண்முன்னே நிரப்புங்கள். வாரக்கணக்கில் ஆகும், ஆனால் குறையும்.

பேனுக்கு மண்ணெண்ணெய் தடவுவது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. அது நச்சு, தீ ஆபத்தும் உண்டு. பெர்மெத்ரின் 1 விழுக்காடு லோஷனை, அலசித் துவட்டிய ஈர முடியில் தடவி 10 நிமிடம் விட்டு அலசவும். பேன் முட்டை பொரித்து வரும் என்பதால் 7 முதல் 10 நாளில் மறுமுறை தடவ வேண்டும். ஒரே முறையோடு விடுவதால்தான் "மருந்து வேலை செய்யவில்லை" என்கிறோம். வந்தவுடன் மொட்டை அடிப்பதைத் தண்டனையாகவே பிள்ளை எடுத்துக்கொள்கிறது.

தடுப்பூசி அட்டை இல்லையென்றால் போடாததாகவே கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விட்டுப்போனவற்றைத் தொடங்கச் சொல்லுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி ஊசியைப் பலர் மறக்கிறார்கள். படுக்கை நனைப்பு திடீரெனத் தொடங்கினால் சிறுநீர்ப் பரிசோதனை, மலச்சிக்கல் உண்டா என்று பார்ப்பது, இரண்டும் முதலில். மற்ற பிள்ளைகள் முன் அதைப் பேசவே கூடாது.

பிள்ளை ஒரு துன்பத்தைச் சொல்லும்போது

செப்டம்பர் கூட்டம் முழுவதும் இதற்கே போனது, போதவில்லை. பாலியல் துன்புறுத்தலைப் பிள்ளை சொன்னால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். "ஏன் முன்னமே சொல்லவில்லை" என்ற கேள்வி வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அதைக் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பது 21-ஆவது பிரிவில் குற்றம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, நாளும் நேரமும் போட்டு எழுதிவைத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். உறவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரிப்பது பிள்ளைக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

பெற்றோர் சந்திப்பு, மாதப் பார்வை

பெற்றோரால் பராமரிக்க இயலாததால் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையைப் பெற்றோர் இடைவெளி விட்டுச் சந்திக்கலாம், குழந்தைகள் நலக் குழு தடுத்திருந்தால் ஒழிய. சந்தித்த இரவு அழுகை, அடம், சாப்பிட மறுப்பு வரும். அது சந்திப்பு கெடுதல் என்பதற்குச் சான்றல்ல. ஞாயிறு மாலை வைத்தால் அந்தக் கலக்கத்தோடு திங்கள் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். சனி காலை வைக்குமாறு கேட்ட வீடுகளில் இது எளிதாயிற்று.

வளர்ப்புக் குடும்பத்தைக் குழு மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்பது சட்டம். குறை காண வருகிறார்கள் என்ற அச்சத்தைவிட ஒரு நோட்டு உதவும். எடை, உயரம், மருத்துவமனை சென்ற நாள், பள்ளி வருகை, சந்திப்பு நாள் என்று மாதத்துக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும்.

பராமரிப்பாளர் ஓய்வுக்கு, ஒரு வீட்டுப் பிள்ளைகளை இன்னொரு வீடு சனிக்கிழமை மூன்று மணிநேரம் பார்த்துக்கொள்ளும் சுற்று நடக்கிறது. இரவு தங்க வைப்பதானால் ஒப்படைப்பு ஆணை உங்கள் பெயரில் இருப்பதால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். வயதான பாட்டிகளுக்கு இந்தச் சுற்று மிக அவசியம். மாமாக்களும் பெரியப்பாக்களும் இதில் பங்கெடுப்பது இன்னும் குறைவாகவே உள்ளது. அது மாற வேண்டும்.

குழந்தைகளின் படம், பெயர், பள்ளி எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமிருக்கிறது. பிறந்தநாள் படமானாலும் இதே விதிதான்.

அடுத்த ஆண்டுக்கு

16 வயது தொட்ட பிள்ளைகளின் பட்டியலைச் சனவரியிலேயே எடுக்க முடிவு செய்துள்ளோம். பிற்காப்பு உதவி (18 வயதுக்குப்பின் சொந்தக் காலில் நிற்கத் தரும் துணை) 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை உண்டு. ஆனால் 18 நிறைந்தபின் தேடத் தொடங்கினால் இடைவெளி விழும். சாதிச் சான்றிதழுக்குத் தேவையான பெற்றோர் வழி ஆவணங்களை, விவரம் தெரிந்த உறவினர் இருக்கும்போதே வாங்கிவைக்க வேண்டும். சிறுவர் கணக்கு 18-இல் புதிய கையொப்பமும் அடையாளச் சான்றும் கேட்கும்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ஒப்படைப்பு ஆணைகளை எல்லோரும் நகலுடன் கொண்டுவாருங்கள்; ஒவ்வொன்றாகப் பெயர், தேதி சரிபார்ப்போம். ஆணையே இல்லாதவர்கள் பிள்ளையின் ஆதார், பெற்றோரின் இறப்புச் சான்று, குடும்ப அட்டையோடு வாருங்கள், மனு எழுத ஆள் இருக்கும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்