காதல் கவிதையை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லத்தீன் கற்பது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் முதல் வருடம் முழுக்க விகுதி அட்டவணை, அப்புறம் சீசரின் போர்க் குறிப்புகள், காதல் கவிதையெல்லாம் கடைசியில் என்று ஒரு வரிசை போட்டிருந்தீர்களே, அதுதான் என்னை எழுத வைத்தது. அந்த வரிசையில் போய் இரண்டு முறை பாதியில் கைவிட்டவன் நான். மூன்றாம் முறை நேராகப் பண்டைய ரோமானியக் காதல் கவிஞர் கட்டுல்லஸிடம் போனேன், அப்போதுதான் மொழி மனதில் ஒட்டியது.

ஒரு வேடிக்கை பாருங்கள். லத்தீன் பாடநூல்களில் பெரும்பாலும் முதலில் வரும் வினைச்சொல்லே 'அமோ, அமாஸ், அமாத்'தான். காதலிக்கிறேன், காதலிக்கிறாய், காதலிக்கிறான். அதை நூறு முறை ஒப்பிக்கிறோம், அங்கே யாரும் யாரையும் காதலிப்பதில்லை!

கட்டுல்லஸின் 85ஆம் கவிதை இரண்டே அடி, மொத்தம் 14 சொற்கள். அதில் ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை, எட்டு வினைகள் இருக்கின்றன. 'ஓதி எத் அமோ' என்று தொடங்கும்: வெறுக்கிறேன், காதலிக்கவும் செய்கிறேன். ஏன் இப்படிச் செய்கிறேன் என்று நீ கேட்கலாம், தெரியவில்லை, ஆனால் அப்படி ஆகிறது, உணர்கிறேன், வதைபடுகிறேன். அவ்வளவுதான் கவிதை. இதில் முதல் அடியில் வரும் 'செய்கிறேன்', இரண்டாம் அடியில் 'ஃபியெரி', அதாவது 'ஆகிறது' என்று மாறிவிடுகிறது. லத்தீனில் 'செய்' என்ற வினைக்குச் செயப்பாட்டு வடிவமாக நிற்பதே இந்தச் சொல்தான். கடைசிச் சொல்லும் செயப்பாட்டு வினை, நம் 'படு' போல. செய்பவனாகத் தொடங்கியவன் 14 சொற்களுக்குள் படுபவனாகிவிடுகிறான். செய்வினை, செயப்பாட்டுவினை வேறுபாட்டை எனக்கு இதைவிடத் தெளிவாக எந்த அட்டவணையும் சொன்னதில்லை. முதல் சொல் 'ஓதி'யும் ஒரு விசித்திரம்தான், வடிவத்தில் அது இறந்தகாலம், பொருளில் நிகழ்காலம். எப்போதோ தொடங்கி இன்னும் ஆறாத வெறுப்பு என்று நானாக வைத்துக்கொண்டேன், மறக்கவே இல்லை.

அடுத்து, லெஸ்பியா என்று தான் பெயரிட்டழைத்த காதலிக்கு அவர் எழுதிய ஐந்தாம் கவிதை. 'வீவாமுஸ், மேயா லெஸ்பியா, அத்க்வே அமேமுஸ்'. வாழ்வோம் என் லெஸ்பியா, காதலிப்போம். மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. வீவிமுஸ் என்றால் வாழ்கிறோம், வீவாமுஸ் என்றால் வாழ்வோமாக. அமாமுஸ் என்றால் காதலிக்கிறோம், அமேமுஸ் என்றால் காதலிப்போமாக. ஒரு வினைக்கு 'ஆ' வந்தால் வேண்டுகோள், இன்னொன்றுக்கு அதே 'ஆ' இருந்தால் வெறும் செய்தி! விதியாகப் படித்தால் எரிச்சல்தான் வரும், ஆனால் இந்த ஓர் அடி காதில் ஏறிவிட்டால் இரண்டு வகையும் சேர்ந்தே ஏறிவிடும். அதே கவிதையில் சற்றுத் தள்ளி, கதிரவன் மறைந்து மறுபடி வருவான், நம் குறுகிய ஒளி ஒருமுறை அணைந்தால் உறங்கித் தீர வேண்டிய ஒரே இரவுதான் என்கிறார். ஒளி என்ற 'லுக்ஸ்' ஓர் அடியின் கடைசிச் சொல், இரவு என்ற 'நோக்ஸ்' அடுத்த அடியின் முதல் சொல். அந்த 'உறங்கித் தீர வேண்டிய' என்பது லத்தீனில் 'தோர்மியெந்தா' என்ற ஒற்றைச் சொல். கட்டாயத்தைக் காட்டும் அந்த எச்ச வடிவத்துக்குப் பாடநூல் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்கிறது.

வேற்றுமையிலும் அப்படித்தான். சொல் வரிசையைக் கலைத்துப் போட்டாலும் விகுதி பொருளைக் காப்பாற்றும் என்பது தமிழில் பழகிய நமக்குப் புதிதல்ல. இன்னொரு ரோமானியக் காதல் கவிஞர் ப்ரொபெர்டியஸ் தன் முதல் நூலின் முதல் அடியில், சிந்தியாதான் முதலில் தன் கண்களால் பாவப்பட்ட என்னைப் பிடித்தாள் என்கிறார். மூலத்தில் 'தன்' ஒரு பக்கம், 'கண்களால்' அடியின் கடைசியில், நடுவில் 'பாவப்பட்ட என்னை' மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் 'கண்களால்' நம் மூன்றாம் வேற்றுமை மாதிரி. விளி வேற்றுமை வேண்டுமா? எட்டாம் கவிதையில் கட்டுல்லஸ் தன்னையே 'கட்டுல்லே' என்று கூப்பிட்டு, பைத்தியக்காரத்தனத்தை நிறுத்து என்கிறார். கண்ணன் கண்ணா ஆவது போலத்தானே.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கவிதையில் சொற்கள் சிதறிக் கிடக்கும், அடிப்படை விகுதிகள் தெரியாமல் போனால் எது எதோடு சேரும் என்று தெரியாமல் திண்டாட வேண்டும். ரோமானியப் பெண் கவிஞர் சுல்பிசியாவின் ஆறு சிறு கவிதைகளை நான் அவசரப்பட்டு எடுத்து, வாக்கியம் எங்கே முடிகிறது என்றே புரியாமல் மூடி வைத்தேன். கட்டுல்லஸிடமும் பச்சையான வசைகள் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறுக்கித்தான் கொடுக்க வேண்டும். மற்றொரு ரோமானியக் கவிஞர் ஓவிட் இன்னும் எளிது, ஆனால் அவரைக் கி.பி. 8இல் கருங்கடல் கரையிலிருந்த தோமிஸுக்கு நாடு கடத்தியதற்கு 'ஒரு கவிதையும் ஒரு பிழையும்' காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழையாக இருக்காது என்று நம்புவோம்.

சீசரை முதலில் படித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சீசரே, உன்னைப் பிரியப்படுத்த எனக்கொன்றும் பெரிய ஆர்வமில்லை என்று கட்டுல்லஸ் அவருக்கே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதுவும் இரண்டே அடிதான். அடுத்த முறை அட்டவணை அச்சிடும்போது பக்கத்தில் 85ஆம் கவிதையையும் போடுங்கள், இடம் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்