அட்டெண்டன்ஸுக்காக ரத்தம் வேண்டாமுங்க

ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. ரத்த தான முகாம்களில் மேசை போட்டு உட்கார்ந்து, ராத்திரியில் கொடையாளர்களைப் போனில் எழுப்பும் வேலையைப் பல வருசமாகச் செய்துவருகிறவன், ரத்தம் கொடுத்தால்தான் அட்டெண்டன்ஸ் என்கிற வழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சமீபத்தில் பெருந்துறைப் பக்கம் ஒரு முகாம். ஒரு பையனின் விரலில் குத்தி எடுத்த சொட்டை மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் விட்டோம். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு நேராக அடிக்குப் போய்விடும். இது பாதி இறங்கி, மேலே வந்து மிதந்தது. "இன்னிக்கு வேண்டாம் தம்பி, உடம்பைத் தேத்திட்டு அப்பறம் வா" என்றேன். அவன் நகரவில்லை. "எப்படியாச்சும் எடுத்துக்குங்கண்ணா, இல்லீன்னா அட்டெண்டன்ஸ் போயிருமுங்க." அவனுக்குப் பின்னால் நின்றவன் படிவத்தைப் படிக்காமலே எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்பதும் அதில் ஒரு கேள்வி. பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கணக்குப் போட வைத்தது நாம்தானே.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ் வேண்டும் என்று ஒரு நாள் நடுராத்திரியில் சென்னிமலைத் தறிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். தறியை நிறுத்திவிட்டு டிவிஎஸ் 50இல் ஈரோடு வந்து சேர்ந்தார். கொடுத்து முடித்ததும் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே, "கொழந்தை என்னுங்க?" என்று மட்டும் கேட்டார். எதற்காக இத்தனை தூரம் வந்தீர்கள் என்றேன். "கூப்ட்டீங்க, வந்தனுங்க. இதுக்கென்னுங்க காரணம்?"

அந்தக் காரணத்தைத்தான் உளவியல்காரர்களும் உயிரியல்காரர்களும் வெகு நாளாகத் தேடுகிறார்கள். சொந்தக்காரர்களுக்கு உதவினால் நம் மரபணுதான் பிழைக்கிறது என்று 1964இல் உயிரியல்காரர் ஹாமில்டன் கணக்குப் போட்டார். இன்று நான் செய்தால் நாளை நீ செய்வாய் என்பது 1971இல் இன்னொரு உயிரியல்காரர் ட்ரிவர்ஸ் சொன்னது. நம்ம ஊர் மொய் நோட்டைப் பார்த்திருந்தால் அவருக்கு வேலை சுலபமாகியிருக்கும். தறிக்காரருக்கு இரண்டுமே பொருந்தவில்லை. அந்தப் பெண் சொந்தமுமில்லை, திருப்பிச் செய்ய அந்தப் பெண்ணுக்கு இவருடைய விலாசமும் தெரியாது. கொடுத்த பிறகு நெஞ்சில் வரும் இதத்துக்காகத்தான் கொடுக்கிறோம் என்று பொருளாதாரக்காரர் ஆண்ட்ரியோனி 1990இல் எழுதினார். இருக்கலாம். ஆனால் 1981இல் உளவியல்காரர் டேனியல் பேட்சன் செய்த சோதனை எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. எலைன் என்ற பெண் மின் அதிர்ச்சி வாங்குவதை மாணவிகள் பார்க்கிறார்கள் (நிஜத்தில் அது நடிப்பு). பாதியில் எழுந்து போய்விடலாம் என்று சிலருக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் உங்களைப் போன்றவள் என்று சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர், போக வழியிருந்தும் போகாமல், அவளுக்குப் பதிலாக நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

பரிசு வைத்தால் என்ன ஆகிறது? ஜெர்மனியில் வார்னெக்கன், டொமசெல்லோ என்ற உளவியல்காரர்கள் இருவரும் 20 மாதக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்ததற்கு விளையாட்டுச் சாமான் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டன. ஸ்வீடனில் 2008இல் வந்த ஆய்வில், கொடையாளராகச் சேர முன்வந்த பெண்கள் 52 சதவீதம். 50 குரோனா தருகிறோம் என்றதும் 30 சதவீதம். ஆண்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சன்மானம் வைத்தால் கொடையாளர் கூடுகிறார்கள், ரத்தத்தின் தரமும் கெடவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆகவே பிஸ்கட்டையும் சான்றிதழையும் நிறுத்தச் சொல்லவில்லை. அட்டெண்டன்ஸ் பரிசில் சேர்த்தி இல்லை. கொடுக்காதவனுக்கு அது அபராதம், அபராதத்துக்குப் பயந்தவன் படிவத்தில் உண்மையை எழுத மாட்டான்.

அதனால் என் கோரிக்கை இதுதான். நலப்பணித் திட்டத்தில் மாணவர் முடிக்க வேண்டிய 240 மணி நேரத்தில் முகாம் வேலையைக் கணக்கில் சேருங்கள், ரத்தம் கொடுப்பதைச் சேர்க்காதீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட பையனும் படிவம் நிரப்பித் தந்து, நாற்காலி தூக்கிப் போட்டு அதே மணி நேரத்தை வாங்கட்டும். ஜூன் 14, அக்டோபர் 1 என்று ரத்த தான தினங்களாகப் பார்த்து எல்லாக் கல்லூரியும் ஒரே நாளில் முகாம் போடுவதையும் விடுங்கள். சாதாரணப் பையில் சிவப்பணு 35 நாள்தான் தாங்கும், பிளேட்லெட் 5 நாள். ஒரு வாரம் குளிர்பெட்டி நிரம்பி வழிகிறது. தீபாவளி லீவில் ஒரு பை ரத்தத்துக்கு நான் நாற்பது போன் போடுகிறேன்.

இன்னொன்று. கொடுத்த ரத்தம் உபயோகமானதும் கொடையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற வழக்கம் ஸ்வீடனில் இருக்கிறது. அதை நாமும் செய்து பார்க்கலாம். நோயாளியின் பேர் வேண்டாம், "உங்கள் ரத்தம் இன்று ஒரு பிரசவத்துக்குப் போனது" என்ற ஒரு வரி போதும். ரத்த வங்கியில் கேட்டு வாங்கி அனுப்பும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கல்லூரி முன்வந்தால் அடுத்த முகாமிலேயே தொடங்கிவிடலாமுங்க.

அந்த ராத்திரி பிறந்தது பெண் குழந்தை. தறிக்காரருக்கு விடிந்ததும் போன் பண்ணிச் சொன்னேன். அடுத்து எந்தத் தேதியில் கொடுக்கலாம் என்று கேட்டார். 90 நாள் ஆகட்டும் என்றேன்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கொடையாளர் ஒருங்கிணைப்பாளர்