இஸட் புள்ளி பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்க உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கிற இஸட் புள்ளியும், முந்தி அதுக்கே இருந்த பழைய தரப்படுத்தலும் ஒன்றுதானே என்று போனில் கேட்டாய். இல்லைப் பிள்ளை.

தரப்படுத்தலில், 1971இல், எழுதிய மொழியைப் பார்த்துத்தான் அனுமதிப் புள்ளியை வெட்டினார்கள். மருத்துவத்துக்கு சிங்கள மொழிமூலத்தில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேணும். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, ஆறாததில் பிழையுமில்லை.

இஸட் புள்ளி பாடத்தைப் பார்த்துப் போடுகிற கணக்கு. ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த புள்ளிகளின் இடை 40, நியம விலகல், அதாவது புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கு என்ற அளவு, 15 என்று வை. 70 எடுத்த பிள்ளைக்கு 40ஐக் கழித்து 15ஆல் பிரிக்க 2 வரும். இன்னொரு பாடத்தில் இடை 58, விலகல் 12 என்றால் அதே 70க்கு 1தான். உயர்தரத்தில் ஒரு பிள்ளை எழுதுகிற மூன்று பாடத்துக்கும் இப்படி எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். கடினமான வினாத்தாள் வந்த பாடக்காரர் நட்டப்படாமலிருக்க இது நல்ல வழி. ஆனால் ஒப்பிடுகிற கூட்டம் ஒன்றாய் இருக்க வேணும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதியவரையும் கலந்து கணித்துவிட்டார்கள். அடுத்த வருசம் உச்ச நீதிமன்றம்தான் வேறாய்க் கணிக்கச் சொன்னது.

என்னை உறுத்துவது இஸட் புள்ளியை நாலு தசமதானம் வரை போடுவது. விலகல் 15 உள்ள பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் அதன் இஸட் 0.0667 கூடும், மூன்றால் பிரித்தால் மொத்தத்தில் 0.0222. வெட்டுப்புள்ளியோ, அதாவது உள்ளே எடுபட வேண்டிய ஆகக் குறைந்த இஸட் புள்ளியோ, நாலாம் தசமதானம் வரை போகிறது. கட்டுரை வினாவில் பாதி சரியான ஒரு வரிக்குப் புள்ளி போடுவதா விடுவதா என்று திருத்துகிறவர் பேனையோடு யோசிக்கிற அந்த நொடியில் ஒரு பிள்ளை உள்ளே, இன்னொன்று வெளியே. இதைத் துல்லியம் என்று நான் ஏற்கமாட்டேன்.

பாடசாலைகளின் ஏற்றத்தாழ்வை இஸட் புள்ளி தொடுவதேயில்லை. அதுக்குத்தான் மாவட்ட ஒதுக்கீடு. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாய். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இது பெரிய கைகொடுப்பு, எடுத்துவிடக் கூடாது. ஆனால் நுவரெலியாவில் பௌதிகவியல் ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும், மூன்று ரியூசனுக்குப் போகிற நகரப் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில்தான் நிற்குதுகள். மாவட்டத்தைப் பார்க்கிறவர்கள் பாடசாலையையும் பார்க்க வேணும்: ஆய்வுகூடம் உண்டா, பாட ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார் என்று.

மாமாவின் மகளுக்கு முடிவு வந்ததும் ஏ எத்தனை என்று மட்டும் கேளாதே, மாவட்ட நிலையையும் கேள். போன வருச வெட்டுப்புள்ளிக்கு 0.02 அளவில் கிட்டக் குறைவென்றால், திகதி முடிய முன்னம் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கச் சொல்லு.

அன்புடன்,
அப்பா