புண்பட்ட உடலும் கிறிஸ்துதான்

ஆசிரியருக்கு வணக்கம். மேற்கத்திய ஓவியங்களில் இயேசு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, காலங்காலமாக ஓவியர்கள் அவரை நீண்ட முடியும் தாடியும் கொண்ட அழகிய முகத்தோடு மட்டுமே வரைந்தார்கள் என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் 3-ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட நல்ல மேய்ப்பன், ஆட்டைத் தோளில் சுமக்கும் தாடியில்லாத இளைஞன். இத்தாலியின் ரவென்னா நகரில் உள்ள 5-ஆம் நூற்றாண்டு மொசைக்கிலும் (சிறு வண்ணத் துண்டுகள் பதித்த படம்) அவர் தாடியில்லாத இளைஞன்தான். அப்புறம் 1512-க்கும் 1516-க்கும் இடையில் ஜெர்மானிய ஓவியர் குரூனேவால்ட், ஈசன்ஹைம் மடத்துக்கு வரைந்த சிலுவைக் காட்சி இருக்கிறதே, அதில் அழகைத் தேடவே முடியாது: பச்சை படர்ந்த தோல், உடலெங்கும் புண், வலியில் விறைத்து விரிந்த விரல்கள். அந்த மடத்தில், பூஞ்சை பிடித்த ரை என்ற தானியத்தைத் தின்று கைகால் அழுகிப்போன நோயாளிகளைப் பராமரித்தார்கள். தங்கள் வலியை அறிந்த கடவுளை அவர்கள் அந்தப் படத்தில் பார்த்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

பிரான்சின் கோல்மார் அருங்காட்சியகத்தில் அதன் முன் நான் நின்றபோது, என் அம்மா கடைசி மாதங்களில் படுக்கைப்புண்ணோடு கிடந்தது நினைவுக்கு வந்து, வெகுநேரம் நகர முடியவில்லை. எந்த அழகிய முகமும் எனக்கு அந்த ஆறுதலைத் தந்ததில்லை. இனி இப்படிப்பட்ட படங்களை அச்சிடும்போது, எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் பார்ப்பதற்காக வரையப்பட்டது என்று படத்தின் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

– ஒரு வாசகர்