கெல்லிக்கு நாலு பக்கம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழில் ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியைப் பற்றிய நாலு பக்கக் கட்டுரையில், 'சாமானியர் மீது அவன் கைவைத்ததே இல்லை' என்று ஒரு வரி. உங்கள் கண்ணில் படாமல் அச்சேறியிருக்காது.

1878 அக்டோபரில் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையருகே கெல்லி கூட்டம் சுட்டுக் கொன்ற கென்னடி, லோனிகன், ஸ்கான்லன் மூவரும் பெரும் பண்ணை முதலாளிகளா? மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த போலீஸ்காரர்கள். செத்த கென்னடியின் கடிகாரத்தை எடுத்துப்போன கெல்லி, அதை எந்த ஏழைக்குக் கொடுத்தான் என்று கட்டுரையாளர் விசாரித்துச் சொல்லட்டும்.

நான் மெல்போர்ன்வாசி. ஊரிலிருந்து யார் வந்தாலும் கெல்லி பிடிபட்ட கிளென்ரோவன் பார்க்க வேண்டும். கவசம் போட்ட கெல்லி சிலையோடு ஆளாளுக்கு செல்ஃபி. திரும்பும்போது சுற்றுவழியென்றாலும் மான்ஸ்ஃபீல்டுக்கு விடுவேன். அங்கே நடுத்தெருவில் அந்த மூவருக்கும் நினைவுத்தூண் நிற்கிறது. "இறங்கிப் பாருங்கோ" என்றால், "பசிக்குது அண்ணை, போவம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, படித்தவர்களே இப்படி எழுதும்போது!

1880 ஜூனில் கிளென்ரோவனுக்கு அப்பால் தண்டவாளத்தைப் பெயர்த்தது, வரும் போலீஸ் ரயிலைக் கவிழ்க்கத்தான். அந்த ரயிலில் பத்திரிகை நிருபர்களும் இருந்தார்கள். உங்கள் தொழில்காரர்கள், ஐயா. கர்னோ என்ற பள்ளிக்கூட வாத்தியார் சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்து ரயிலை நிறுத்தியதால் தப்பினார்கள். நாலு பக்கத்தில் அவருக்கு அரை வரி இல்லை.

ஏழைக் குடியேறிகள் பண்ணைக்காரர்களிடமும் போலீசிடமும் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. 1881 விசாரணை ஆணையமே போலீசை வாங்கு வாங்கென்று வாங்கியது. அதே போலீஸ் ரயிலில் வந்த, தடம் பார்த்து ஆளைத் தேடும் குவீன்ஸ்லாந்துப் பூர்வகுடித் தடங்காணிகளுக்கு, கெல்லி கூட்டத்தைப் பிடித்ததற்கான பரிசுப் பணத்தில் ஆளுக்கு 50 பவுண்டு என்று எழுதிவிட்டு, கையில் கொடுக்காமல் அரசாங்கமே வைத்துக்கொண்டது. கொள்ளையைப் பற்றித்தான் எழுத ஆசையென்றால் இதை எழுதியிருக்கலாமே!

உங்களுக்கு இது புதிதில்லை. முன்பு இலங்கைக் கொள்ளைக்காரன் சரதியேலைத் தூக்கிவைத்து எழுதியபோதும், 1864இல் மாவனல்லையில் அவனைப் பிடிக்கப் போய்ச் செத்த கான்ஸ்டபிள் சபானை மறந்தீர்கள். அதற்கும் கடிதம் போட்டேன். அந்த இடத்தில் கத்தரிக்காய்க் குழம்புக் குறிப்பைப் பாராட்டிய கடிதம் வந்திருந்தது. குழம்பு நல்லதாகவே இருந்திருக்கும்.

அந்த மூவர் பெயரையும் கர்னோ பெயரையும் ஒரு பெட்டிக்குள்ளாவது போடுங்கள். கெல்லியைத் தூக்கிலிட்டது மெல்போர்ன் சிறையில், 1880 நவம்பர் 11 அன்று. 'சிட்னி' என்ற படக்குறிப்பைத் திருத்துங்கள். சந்தா கட்டியும் எனக்கு ஆடி இதழ் வரவில்லை. அதையும் கவனிக்கவும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மெல்போர்ன்