அந்தக் கேள்வியை அங்கே வைத்துக் கேட்காதீர்கள்

வெள்ள முகாம்களுக்குக் கணக்கெடுப்பாளர்களை அனுப்பும் அமைப்பினருக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது சென்னையில் ஒரு பள்ளிக்கூட முகாமில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். டேப்லெட்டோடு உங்கள் ஆள் வந்தார், கல்லூரி முடித்த சின்னப் பெண், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே வகுப்பறையில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். பாயில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் வீட்டில் எவ்வளவு தண்ணீர் வந்தது, என்னென்ன போச்சு, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அதே குரலில் "உங்க வீட்டுக்காரர் அடிப்பாரா?" என்றும் கேட்டார். மாமியார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். "அதெல்லாம் இல்லம்மா" என்றார் அக்கா. உங்கள் கணக்கில் அது 'இல்லை' என்றே ஏறியிருக்கும்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வீட்டில் ஒரே போன்தான், அது கணவருடையது. இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணுக்கே கூப்பிட்டு, பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வில் உங்கள் மனைவி பேசினார், இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன என்று அவரிடமே சொல்லியிருக்கிறீர்கள். அன்று இரவு அக்கா இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டில்தான் படுத்திருந்தார். உதடு வீங்கியிருந்தது.

விதி தெரியாதவர்கள் இல்லை நீங்கள். பேரிடர்க் காலத்தில் பாலியல் வன்முறை பற்றித் தகவல் திரட்டுவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: பாதிக்கப்பட்டவருக்கு உதவி கிடைக்க வழி செய்த பிறகுதான் கேள்வியே. அரசு நடத்தும் தேசியக் குடும்ப நல ஆய்வில் தனிமை கிடைக்காவிட்டால் குடும்ப வன்முறை பற்றிய பகுதியைக் கேட்காமல் விட்டுவிட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள், மற்றவர்களுக்கு விஷயம் தெரியக்கூடாது என்பதற்காக. இதைப் படித்துவிட்டுத்தானே படிவம் தயாரிக்கிறீர்கள்?

தனிமை இல்லாத இடத்தில் கேட்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல் கேட்காதீர்கள். முகாமில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ராத்திரி விளக்கும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ள யாரும் டேப்லெட் எடுத்து வரவில்லை. அறிக்கைக்கு எண்ணிக்கை வேண்டும், அவ்வளவுதான். சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

போன வாரம் அக்கா கணவரின் எண்ணுக்கு மறுபடியும் அழைப்பு வந்திருக்கிறது. தயவுசெய்து அதை உங்கள் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். வரும் மழைக்கு ஆள் அனுப்பும் முன், தனிமையும் உதவியும் இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
அந்த முகாமில் இருந்த ஒரு தன்னார்வலர்