தையல் தாளிலும் பிறந்தது கொலாஜ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கொலாஜ், அதாவது காகிதம், துணித் துண்டுகளை வெட்டி ஒட்டிப் படமாக்கும் கலை பற்றிய கட்டுரை படித்தேன். 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் செய்ததைச் சொன்ன கட்டுரையாளர், கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோஹ் என்ற பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) செய்கிற எனக்கு மனசு கேட்கவில்லை.

ஹோஹ் ஜெர்மனியின் கோத்தா ஊரில் 1889-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள 15 வயதிலேயே பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். பின்னர் பெர்லினில் கலை படித்து, 1916 முதல் 1926 வரை உல்ஸ்டைன் பதிப்பகத்தின் கைவேலைப் பிரிவில் இருந்தார். பெண்கள் பத்திரிகைகளுக்கு எம்பிராய்டரி, லேஸ் டிசைன் போட்டுத் தருவதுதான் வேலை. அந்தத் தாள்களையே வெட்டிப் படமாக்கினார். 1922-இல் ஒரு லேஸ் சட்டைக்கு நினைவுச்சின்னம் என்று பெயர் வைத்து ஒரு படமே செய்திருக்கிறார். மரபான கலையைக் கேலி செய்த இயக்கம் டாடா. பெர்லினில் 1920-இல் நடந்த அதன் கண்காட்சியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று சக கலைஞர்களே எதிர்த்தார்கள். அதையும் மீறி அவர் படங்கள் இடம்பெற்றன.

நான் கொலாஜுக்கு வந்த வழியும் இதுதான். பிளவுஸுக்கு டிசைன் இறக்க, பட்டர் பேப்பரில் வரைந்து கோடு நெடுக ஊசியால் குத்துவோம். மண்ணெண்ணெயில் கரைத்த நீலப் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், துணியில் புள்ளி புள்ளியாக மயிலும் மாங்காயும் விழும். வேலை முடிந்ததும் அந்தத் தாள் குப்பைக்குப் போகும். எனக்குத் தூக்கிப் போட மனம் வராது. வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நீலம் கசிந்திருக்கும். அதன் அடியில் பட்டு வெட்டுத்துணிகளை வைத்து, ஓரங்களை ஜரிகை நூலால் பிடிக்கிறேன். பசை தடவினால் பட்டு சுருங்கிவிடும், அதனால் எல்லாமே தையல்தான்.

ஒரு கண்காட்சிக்கு இவற்றைக் கொண்டுபோனபோது, "நூல் இருக்கே, கைவினைப் பிரிவுல வைங்க" என்று சொல்லிவிட்டார்கள். கைவினை என்பது எனக்கு இழிவான பெயர் இல்லை, என் சோறே அதில்தான். ஆனால் பசையால் ஒட்டினால் ஓவியம், நூலால் பிடித்தால் கைவேலை என்பது என்ன கணக்கு?

ஹோஹ் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, படங்களைக் கலரில் போட்டு வெளியிடுங்கள். அப்படியே தஞ்சைப் பக்கம் தேருக்குத் தொம்பை (தேரில் தொங்கவிடும் உருளை வடிவத் துணி அலங்காரம்) தைப்பவர்களையும் ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுங்கள். துணி மேல் துணி வைத்துத் தைக்கும் அவர்கள் வேலையும் கலைப் பக்கத்தில்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஆரி எம்பிராய்டரி செய்யும் ஒரு வாசகி,
ஈரோடு